கதை வளர்த்த அன்னை

தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கில், வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ அமைந்த ஊர் சின்னமனூர். பாண்டியர் வரலாற்றை ஆராய்வோர் இவ்வூரின் பெயரை மறவார். இங்குக் கிடைத்த செப்பேடுகளுள் பெரிய தொகுதி, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பாண்டியன் காலத்தது. பாண்டியர் மரபின் முன்னோர் பாரதத்தைத் தமிழில் ஆக்குவித்ததையும், மதுரையில் சங்கம் நிறுவித் தமிழ் வளர்த்ததையும் அச்செப்பேடு பெருமையுடன் குறிக்கின்றது. நாடு காத்த செயலுக்கு நிகராக நூல் செய்வித்த செயலையும் செம்பில் பொறித்து வைத்த அரசரின் தமிழ்ப்பற்று எண்ணி மகிழத்தக்கது.

பண்டைக் காலத்தில் மன்னரும் வள்ளல்களும் புலவரைப் போற்றினர். பொன்னும் நிலமும் பரிசிலாக வழங்கினர். அதனால் புலவர்க்கு விளைந்த பெரும்பயன் யாது? வயிற்றுக் கவலையின்றி நூல் செய்யும் ஓய்வு அவர்க்குக் கிடைத்தது. வயலை உழுதார் வேறொருவர். நெல்லைக் குற்றி உலையில் இட்டார் வேறொருவர். புலவர் ஏட்டை விரித்து எழுத்தாணியைக் கையில் எடுத்தார்.

அவ்வாறாயின், உலையில் அரிசி இட்ட பெண்ணின் உள்ளத்தில் ஒரு கதை தோன்றியிருக்குமாயின் அக்கதை என்ன ஆயிற்று? ஒளவையார், வெள்ளிவீதியார், காக்கைபாடினியார் முதலிய பெண்பாற் புலவர் சிலர் பெயர் நமக்குக் கிடைத்துள்ளன. ஆயினும், தொட்டிலை ஆட்டிக்கொண்டே புனைந்த பாட்டும், சோறு ஊட்டிக்கொண்டே சொன்ன கதையும் பெரும்பாலும் ஏடு ஏறவில்லை. அவை தாலாட்டாகவும் பாட்டி கதையாகவும் வாயளவில் வாழ்ந்தன. பல காற்றோடு மறைந்தன. அப்படி மறைந்திருக்க வேண்டிய கதைகளை மறையாமல் காத்து, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களாக நாட்டுக்கு வழங்கிய பெண்மணி ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம். அவரே வை.மு. கோதைநாயகி அம்மையார்.

கோதைநாயகி அம்மையார் 1901ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் நாள், வைணவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் பெயர் வேங்கடாச்சாரியார். தாயார் பெயர் பட்டம்மாள். குழந்தைக்கு ஓராண்டு நிரம்பும் அளவிலேயே தாயார் காலமானார். தாயில்லாக் குழந்தையைப் பாட்டியும் உறவினரும் பேணி வளர்த்தனர். அக்காலத்தில் பெண்குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் அருகியிருந்தது. கோதைநாயகியும் பள்ளியின் வாயிற்படியை மிதிக்கவில்லை. ஆனால், வைணவ இல்லமாதலின் ஆழ்வார்களின் அருளிச்செயலும் இராமாயண பாரதக் கதைகளும் நாள்தோறும் அவர் செவியில் விழுந்தன. எழுத்தறியாச் சிறுமிக்குச் செவியே பள்ளியாயிற்று.

இளமணம் பெருகியிருந்த காலம் அது. 1907ஆம் ஆண்டு, ஐந்தரை வயதில், கோதைநாயகிக்குத் திருமணம் நிகழ்ந்தது. மணமகனாகிய பார்த்தசாரதிக்கு அப்பொழுது வயது ஒன்பது. பொம்மையை வைத்து விளையாடும் பருவத்தில் கழுத்தில் தாலி ஏறியது என்றால் இன்றைய மாணவர் வியப்பர்; வருந்துவர். அம்மையார் புகுந்த குடும்பம் சென்னைத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்தது. வைத்தமாநிதி முடும்பை என்பது அக்குடியின் பெயர். அதன் சுருக்கமே வை.மு. என்பதாம். கம்பராமாயணத்திற்கு உரை கண்ட வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியாரும் இவ்வெழுத்துகளையே தம் பெயருக்கு முன் உடையவர். கல்வி மணம் கமழ்ந்த அக்குடியின் பெயரோடு தம் பெயரும் சேர, நாளடைவில் வை.மு.கோ. என்னும் மூன்றெழுத்தால் அம்மையார் நாடெங்கும் அறியப்பெற்றார்.

புகுந்த வீட்டில் அம்மையாருக்கு அமைந்த வாழ்வு அக்காலப் பெண்டிர் அனைவர்க்கும் அமைந்த வாழ்வே. பெரிய குடும்பத்தின் வேலைகள் விடியலில் தொடங்கி இரவில்தான் முடியும். ஸ்ரீனிவாசன் என்னும் மகனும் பிறந்தான். குழந்தை வளர்ப்பது ஒரு வேளைப் பணியன்று. சமையலுக்கு ஒரு நேரம் உண்டு. துணி துவைப்பதற்கு ஒரு நேரம் உண்டு. குழந்தையின் பசிக்கும் அழுகைக்கும் நோய்க்கும் நேரம் இல்லை. ஒரு நினைவைத் தொடர்ந்து கால்நாழிகை பின்பற்றுவதற்குள் குழந்தை அழைத்துவிடும். எண்ணம் அறுந்துபோகும். அறுந்த இழையை எடுத்து முடிவதற்குள் மறுமுறை அழைக்கும். இளங்குழந்தையை உடைய தாய் ஒருத்தி நூல் எழுதுவது அரிது என்று உலகம் கருதியதற்கு இதுவே காரணம்.

கோதைநாயகி அம்மையாரின் வாழ்வில் இத்தடையே வழியாக மாறியது. எவ்வாறு? அவருக்கு இயல்பாகவே கதை புனையும் ஆற்றல் இருந்தது. வீட்டிலும் அண்டையிலும் இருந்த குழந்தைகளை அமர்த்திக்கொண்டு கதை சொல்லுவது அவர் வழக்கம். கேட்ட கதையைச் சொல்லுவதோடு நில்லாமல், தாமே புதிய கதைகளைக் கட்டிச் சொல்லுவார். குழந்தைகளோடு பெரியவர்களும் அமர்ந்து கேட்பாராயினர். பிறர் பொழுதுபோக்கு என்று எண்ணிய அந்நேரமே அவர்க்குப் பயிற்சிக் காலமாயிற்று. கதை சொல்லுவோர்க்குக் குழந்தைகளைப் போன்ற கண்டிப்பான ஆசிரியர் வேறு எவரும் இலர். சுவை குன்றினால் எழுந்து ஓடிவிடுவர். முன்னர்ச் சொன்னதற்கு மாறாகப் பின்னர்ச் சொன்னால் உடனே கேட்டுவிடுவர். அவர்களை இருத்திவைக்கக் கற்றவர் எந்த அவையையும் இருத்திவைப்பர்.

இதனை நன்கு விளங்கிக்கொள்ளச் சின்னமனூர்ப் பகுதியின் நீர்வளமே சான்றாக அமையும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த பெருமழை முன்னாளில் பெரியாற்றின் வழியே மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் கலந்தது. மலைக்குக் கிழக்கே இருந்த நிலமோ நீரின்றி வாடியது. பொறியாளர் பென்னிகுவிக்கின் முயற்சியால் 1895ஆம் ஆண்டு பெரியாற்றின் குறுக்கே அணை எழுந்தது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீர் கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் நெல் செழித்தது. அப்பால் மதுரைச் சீமையும் பயன் பெற்றது. இதற்கெனப் புதிய மழை ஏதும் பெய்யவில்லை என்பதை நாம் கருதவேண்டும். இருந்த நீரே திருப்பப்பட்டது. கோதைநாயகி அம்மையாருக்கும் பிறர்க்கு இல்லாத நாழிகை ஒன்றும் கூடுதலாகக் கிடைத்துவிடவில்லை. குழந்தைகளுக்குக் கதை சொன்ன அதே நேரம் நூலாக்கத்தின் பக்கம் திரும்பியது, அவ்வளவே.

அணையை ஒருவர் மட்டும் கட்டிவிட முடியுமா? முடியாது. அம்மையாரின் முயற்சிக்கும் துணைக்கைகள் வேண்டியிருந்தன, அவை கிடைத்தன. கணவர் பார்த்தசாரதி மனைவியின் ஆற்றலை உணர்ந்தவர். பெண்டிர் வீட்டைவிட்டு வெளியே வருவதே குறையாகக் கருதப்பட்ட அக்காலத்தில், அவர் தம் மனைவியை நாடகங்கள் காண அழைத்துச் சென்றார். நாடகம் கண்டு திரும்பிய அம்மையாருக்குத் தாமும் ஒரு நாடகம் இயற்ற வேண்டும் என்னும் ஆவல் எழுந்தது. ஆனால், அவர்க்கு அப்போது சரளமாக எழுதத் தெரியாது. மனத்தில் நாடகம் முழுதும் உருவாகி நின்றது. தாளில் வடிக்கக் கை பழகியிருக்கவில்லை. இந்நிலையில் பட்டம்மாள் என்னும் தோழி உதவிக்கு வந்தார். அம்மையார் சொல்லச் சொல்லத் தோழி எழுதினார். இவ்வாறு உருவான 'இந்திரமோகனா' என்னும் நாடகம் 1924ஆம் ஆண்டு அச்சேறியது. அதனைப் படித்தோர் பாராட்டினர். மகன் சிறுவனாக இருந்த ஆண்டுகளில் இது நிகழ்ந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. கதை சொல்லுதற்குக் கை ஓய்ந்திருக்க வேண்டுவதில்லை. வாய் இருந்தால் போதும், கேட்டு எழுத அன்புள்ள ஒருவர் இருந்தால் போதும் என்பதனை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. தோழியின் கையை என்றும் நம்பியிராமல், அம்மையார் பின்னர்த் தாமே முயன்று எழுதவும் நன்கு கற்றுக்கொண்டார்.

அடுத்த ஆண்டு, 1925இல், 'ஜகன்மோகினி' என்னும் மாத இதழை அம்மையார் தம் பொறுப்பில் ஏற்றார். பெண் ஒருவர் இதழ் நடத்துவது அக்காலத்தில் புதுமை. ஏளனம் செய்தோர் பலர், பழித்தோர் பலர். அடுப்பங்கரையில் இருக்க வேண்டியவள் அச்சுக்கூடத்தில் நிற்பதா என்று முகம் சுளித்தோரும் இருந்தனர். அம்மையார் மறுமொழி கூறி நேரத்தை வீணாக்கவில்லை. அடுத்த மாத இதழை அச்சிட்டு அனுப்பினார். அவருடைய முதல் நாவலாகிய 'வைதேகி' அவ்விதழில் தொடராக வெளிவந்தது. கணவர் வெளியீட்டுப் பணிகளில் தோள் கொடுத்தார். பின்னர்ச் சொந்த அச்சகமும் ஏற்பட்டது. அம்மையாரின் நாவல்களே அன்றிப் பிறர் எழுத்துகளும் அவ்விதழில் இடம்பெற்றன. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் அவ்விதழைப் பேணினார்.

மாத இதழில் தொடர்கதை எழுதும் முறை, இடையறவு மிகுந்த வாழ்வுக்குப் பொருந்தியதாகும். இரவில் குழந்தைக்குக் கதை சொல்லும் தாய், குழந்தையின் கண் சொக்கும் இடம் அறிந்து கதையை நிறுத்துகிறாள். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறாள். குழந்தையும் அடுத்து என்ன நிகழும் என்னும் ஆவலோடு மறுநாளை எதிர்நோக்குகிறது. தொடர்கதையின் இயல்பும் இதுவே. ஒரே மூச்சில் பெருநூலை முடிக்க ஓராண்டு ஓய்வு வேண்டும். ஒரு மாதத்திற்கு ஒரு பகுதியை முடிக்கச் சிறு சிறு பொழுதுகள் போதும். பொழுது பெரிதாக வரட்டும் என்று காத்திருப்போர் காத்தே மாய்வர். அம்மையாரோ சிறு பொழுதுகளைச் சேர்த்தார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மையன்றோ? இவ்வாறு அவர் எழுதி முடித்த நாவல்கள் 115 என்பர்.

எழுத்தோடு நாட்டுப் பணியும் அவரை அழைத்தது. காந்தியடிகளைக் கண்ட பின்னர் பட்டாடையையும் அணிகலனையும் துறந்து கதராடை பூண்டார். இனிய குரலும் சொல்வன்மையும் வாய்ந்தவராதலின் விடுதலை இயக்க மேடைகளில் பாடினார், பேசினார். 1930களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியல் முதலிய அறப்போர்களில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அவர் சிறையில் இருந்த காலத்தில் கணவர் இதழ் நின்றுபோகாமல் நடத்தி வந்தார். அம்மையாரோ சிறையிலும் எழுதினார். வீட்டில் இருந்தபோது வேலைகளுக்கு இடையே எழுதியவர், சிறையில் துன்பங்களுக்கு இடையே எழுதினார். இடம் மாறியதே தவிர எழுத்து நிற்கவில்லை.

அவருடைய நாவல்கள் குடும்பங்களைக் களமாகக் கொண்டவை. கைம்பெண்களின் துயரம், வரதட்சிணைக் கொடுமை, மதுவினால் விளையும் கேடு, பெண்கல்வியின் இன்றியமையாமை முதலியன அவற்றில் பேசப்பட்டன. விரைந்து எழுதப்பட்ட நூல்களாதலின் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. எதிர்பாராத திருப்பங்கள் அளவுக்கு மிஞ்சியுள்ளன என்று குறை கூறும் திறனாய்வாளரும் உளர். அக்குறையை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால், அவர் கதைகளைப் படிப்பதற்காகவே எழுத்துக் கூட்டிக் கற்ற பெண்டிரும் இருந்தனர் என்று கூறுவர். எழுதத் தெரியாது தோழியை நாடிய ஒருவர், எழுத்தறியாத பிற பெண்டிரைப் படிக்கச் செய்தார் என்றால் அதனினும் சிறந்த கைம்மாறு யாதுளது? 'ராஜமோகன்', 'அநாதைப் பெண்' என்னும் நாவல்கள் முறையே 1937, 1938ஆம் ஆண்டுகளில் திரைப்படங்களாயின. அவர் மறைந்த பின்னரும் 1966ஆம் ஆண்டில் வெளிவந்து மக்கள் மனத்தைக் கவர்ந்த 'சித்தி' என்னும் திரைப்படம் அவர் கதையைத் தழுவியதே.

இவ்விடத்தில், வங்காளத்தில் வாழ்ந்த மற்றொரு தாயின் வரலாற்றையும் நாம் அறிதல் நன்று. அவர் பெயர் ராஸசுந்தரி தேவி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர் பன்னிரண்டு குழந்தைகளுக்குத் தாய். பெண்கள் படித்தால் குடிக்குக் கேடு வரும் என்று மக்கள் அஞ்சிய காலம் அது. படிக்க வேண்டும் என்னும் வேட்கை மிகுந்த அத்தாய், சமயநூல் ஒன்றின் ஏட்டையும், தம் மகன் எழுதிப் பழகிய ஓலையையும் எடுத்து அடுக்களையில் மறைத்து வைத்துக்கொண்டார். சமைக்கும்போதே ஒருவரும் அறியாமல் எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துப் பார்த்துத் தாமே படிக்கக் கற்றார். பல்லாண்டுகள் கழிந்த பின்னரே அவர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுத இயன்றது. வங்க மொழியில் வெளிவந்த முதல் தன்வரலாற்று நூல் அதுவே என்பர்.

இவ்விரு தாயரின் வாழ்வையும் ஒப்பிட்டு நோக்குக. இருவர்க்கும் வேட்கை இருந்தது. இருவர்க்கும் ஆற்றல் இருந்தது. இருவரும் விடாமுயற்சி உடையவர். ஒருவர் அச்சத்தோடு ஓலையை மறைக்க நேர்ந்தது. முதுமையை நெருங்கும் வரை காத்திருக்க நேர்ந்தது. மற்றவர்க்குக் கேட்டு எழுதத் தோழி இருந்தார். தோள் கொடுக்கக் கணவர் இருந்தார். அதனால் இருபத்து மூன்றாம் வயதிலேயே அவர் நூல் அச்சேறியது. இடைப்பட்ட இவ்வேறுபாட்டிற்குக் காரணம் அறிவின் ஏற்றத்தாழ்வு அன்று. சுற்றி நின்றவர் அளித்த துணையே காரணம். துணை கிடையாமையால் முதல் நூலே எழுதாமல் மறைந்த தாயர் எத்துணையர் என்பதை எவர் கணக்கிட வல்லார்?

அம்மையாரின் இறுதிக் காலம் துயரம் நிறைந்தது. 1956ஆம் ஆண்டு அவருடைய ஒரே மகன் ஸ்ரீனிவாசன் காலமானார். நூற்றுக்கு மேற்பட்ட கதைகளில் எத்தனையோ தாயரின் கண்ணீரை எழுதியவர், தம் கண்ணீரைத் தாங்க மாட்டாதவரானார். உள்ளம் தளரவே உடலும் தளர்ந்தது. காசநோய் பற்றியது. தாம்பரம் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றும் நோய் தீராமல், 1960ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 20ஆம் நாள் அம்மையார் இயற்கை எய்தினார்.

மாணவ மாணவியரே! கோதைநாயகி அம்மையாரின் வரலாற்றிலிருந்து நாம் கற்கத்தக்கவை இரண்டு. ஓய்வு கிடைக்கட்டும், பிறகு செய்வோம் என்று நற்பணியைத் தள்ளிப்போடலாகாது என்பது ஒன்று. கடமைகளுக்கு நடுவே கிடைக்கும் சிறு பொழுதும் பயன்படுத்துவார்க்குப் பெரும்பொழுதாகும். மற்றொன்று இதனினும் சிறந்தது. ஒருவரின் கலைத்திறன் மலர்வதற்கு அவர் முயற்சி மட்டும் போதாது. உடன் வாழ்வோரின் துணையும் வேண்டும். உங்கள் வீட்டிலும் அன்னையரும் தமக்கையரும் உள்ளனர். அவருள் ஒருவர் பாடுவார். ஒருவர் கோலத்தில் புதுமை காண்பார். ஒருவர் கதை சொல்லுவார். உண்ட தட்டை நீங்களே கழுவிவைத்தால் அவர்க்குச் சிறிது பொழுது கிடைக்கும். தம்பியின் தொட்டிலை ஆண்பிள்ளையும் ஆட்டினால் மேலும் சிறிது பொழுது கிடைக்கும். அவர் சொல்லும் கதையை உங்கள் ஏட்டில் எழுதிவைத்தால் அது காற்றோடு போகாது. மன்னர் அளித்த பரிசிலைச் செப்பேடு குறித்து வைத்தது. ஒரு தாய்க்கு ஒரு நாழிகைப் பொழுதை அளிப்பதும் அத்தகைய பரிசிலே ஆகும். அதனை அளிக்க அரசராய்ப் பிறக்க வேண்டுவதில்லை; அன்புடைய மக்களாய் இருந்தால் போதும்.